ஹெச்.டி பாக்ஸ் வந்தாச்சு... படம் மட்டும் ஏன் இன்னும் மங்கல்? திண்டுக்கல் வீடுகளில் டிவிக்குப் பின்னால் நடப்பது என்ன?

திண்டுக்கல் மணிக்கூண்டு பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடைக்குள் நுழைந்தால், சுவர் முழுக்க மாட்டியிருக்கும் 43 இன்ச் டிவிகளில் மயில் தோகை விரிக்கும், கடலுக்கு அடியில் மீன் நீந்தும். ஒவ்வொரு செதிலும் தனித்தனியாகத் தெரியும். அதைப் பார்த்து மயங்கி, மாதத் தவணையில் ஒன்றை வாங்கி, ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டினால்... ராத்திரி செய்தி வாசிப்பவரின் முகம் மட்டும் ஏதோ புகைக்குள்ள உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

'டிவி டூப்ளிகேட்டா?' என்று ஒரு சந்தேகம். 'கேபிள்காரர் ஏமாத்துறாரா?' என்று இன்னொரு சந்தேகம். பெரும்பாலான வீடுகளில் இரண்டுமே காரணம் இல்லை. டிவியைக் கொஞ்சம் முன்னால் இழுத்து, பின்னாடி எட்டிப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். மஞ்சள், சிவப்பு, வெள்ளை என மூன்று தலை கொண்ட அந்தப் பழைய ஒயர். பக்கத்திலேயே தட்டையான ஹெச்.டி.எம்.ஐ ஓட்டை காலியாகத் தூசி படிந்து கிடக்கும்.

இது சின்ன விஷயம் மாதிரி தெரியலாம். ஆனால் தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம் பழைய எஸ்.டி பெட்டிகளை மாற்றி ஹெச்.டி பெட்டிகளைக் கொடுத்து வரும் நேரத்தில், தனியார் கேபிள், டிடிஹெச் எல்லாமே ஹெச்.டி என்று விளம்பரம் செய்யும் நேரத்தில், காசு கொடுத்தும் அந்தப் படம் வீட்டுக் கூடம்வரை வந்து சேரவில்லை என்றால் அது எங்கே தொலைகிறது என்று கேட்டுத்தானே ஆகணும்?

மஞ்சள் ஒயரில் என்ன குறை?

கணக்கு எளிது. பழைய எஸ்.டி படத்தில் குறுக்கே 720 புள்ளி, நெடுக்கே 576 வரி. மொத்தம் சுமார் 4.15 லட்சம் புள்ளிகள். முழு ஹெச்.டி படத்தில் 1920-க்கு 1080. அதாவது 20.7 லட்சம் புள்ளிகள். ஐந்து மடங்கு.

இப்போது பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். கேபிளில் வரும் ஹெச்.டி சேனல் சுருக்கப்பட்ட டிஜிட்டல் வடிவில் வருகிறது. பெட்டிக்குள் இருக்கும் சிப் அதைப் பிரித்து, 20.7 லட்சம் புள்ளிகளையும் முழுசாகத் தயார் செய்துவிடுகிறது. ஆனால் வெளியே போகும் வழி மஞ்சள் ஒயர் என்றால், அந்தப் படத்தை 576 வரிக்குள் நசுக்க வேண்டும். அதோடு டிஜிட்டலை அனலாக்காக மாற்றி, வெளிச்சம், நிறம் இரண்டையும் ஒரே கம்பியில் கலந்து அனுப்ப வேண்டும். அந்தப் பக்கம் டிவி அதை வாங்கி, கலந்ததைப் பிரித்து, மறுபடி டிஜிட்டலாக்கி, தன்னுடைய பெரிய திரைக்கு இழுத்து நீட்டுகிறது. மாவை அரைத்து, காயவைத்து, மறுபடி கரைத்து இட்லி ஊத்தின கதைதான்.

கலந்ததைப் பிரிக்கும்போது நிறம் ஓரத்தில் வழியும். சிவப்புப் புடவையின் கரை பக்கத்துச் சுவரில் ஒட்டிக்கொண்ட மாதிரி தெரிவது இதனால்தான். சோதித்துப் பார்க்க வேறெதுவும் வேண்டாம். செய்திச் சேனலில் கீழே ஓடும் எழுத்துகளைப் பார்த்தாலே போதும். 'ழ'வின் சுழியும் 'ணை'யின் வளைவும் பிசிறில்லாமல் தெரிந்தால் ஹெச்.டி. எழுத்து நடுங்கிக்கொண்டே ஓடினால் பின்னால் மஞ்சள் ஒயர் இருக்க வாய்ப்பு அதிகம். ரிமோட்டில் சோர்ஸ் அல்லது இன்புட் பட்டனை அழுத்தினால், திரையிலேயே 'ஏவி' என்று காட்டுகிறதா, 'ஹெச்.டி.எம்.ஐ' என்று காட்டுகிறதா என்பதும் தெரிந்துவிடும்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஒயரை மாற்றினால் மட்டும் எல்லாச் சேனலும் ஹெச்.டி ஆகிவிடாது. ஒரே சேனலுக்கு எஸ்.டி ஒரு எண்ணிலும் ஹெச்.டி வேறொரு எண்ணிலும் இருக்கும். 2019-ல் நடைமுறைக்கு வந்த டிராய் விதிகளில், நெட்வொர்க் கட்டணத்துக்கு ஒரு ஹெச்.டி சேனலை இரண்டு எஸ்.டி சேனலாகக் கணக்கிட்டார்கள். ஆக, ஹெச்.டி சேனல் தொகுப்பைத் தேர்ந்தெடுத்தவர் கூடுதலாகக் காசு கொடுத்தே பார்க்கிறார். அவர் வீட்டில் மஞ்சள் ஒயர் என்றால், ஐந்து புள்ளிக்குக் காசு கொடுத்து ஒரு புள்ளியை வாங்குகிறார்.

சரி, இந்த ஒயர் ஏன் இன்னும் சாகவில்லை?

திண்டுக்கல் சமவெளிக்கு டிவி வந்த கதையில் பதில் இருக்கிறது. ஒரு காலத்தில் வேடசந்தூரிலும் நிலக்கோட்டையிலும் மாடிக்கு மாடி மீன்முள் மாதிரி ஆன்டெனா நிற்கும். எல்லாமே கொடைக்கானல் மலையைப் பார்த்துத் திரும்பியிருக்கும். மலைமேல் இருந்த தூர்தர்ஷன் கோபுரத்தில் இருந்துதான் படம் இறங்கி வந்தது. காத்தடிச்சா ஒருத்தர் மாடியில ஏறித் திருப்ப, இன்னொருத்தர் கீழே நின்று "இன்னும் கொஞ்சம்... போதும் போதும்" என்று கத்த வேண்டும். அப்போது டிவிக்கு ஒரே ஒரு வாசல்தான்: ஆன்டெனா ஒயர் சொருகும் ஆர்.எஃப் ஓட்டை.

1990-களில் கேபிள் வந்தது. அதுவும் அதே ஓட்டையில்தான் நுழைந்தது. வி.சி.ஆர், வி.சி.டி பிளேயர் வந்தபோதுதான் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஜாக்குகள் வீட்டுக்குள் வந்தன. அந்த உருண்டை ஜாக் ஒன்றும் டிவிக்காகப் பிறந்தது இல்லை. 1930-களில் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ நிறுவனம் ரேடியோப் பெட்டியில் கிராமபோன் இணைக்கச் செய்தது. 90 வயதைத் தொடும் ஒரு ஜாக் இன்னும் நம்ம வீட்டு டிவியில் வேலை பார்க்கிறது என்பது ஆச்சரியம்தான்.

பிறகு 2006. அன்றைய தி.மு.க அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம். 14 இன்ச் பெட்டி, ஒன்றரைக் கோடிக்கும் மேல் கொடுக்கப்பட்டது. டிவி வாங்கவே முடியாத வீடுகளுக்கு முதல் டிவி அதுதான். அந்தப் பெட்டிகளின் பின்னால் இருந்தவை ஆர்.எஃப் ஓட்டையும் ஏவி ஜாக்குகளும். ஹெச்.டி.எம்.ஐ இல்லை, கண்ணாடிக் குழாய் டிவியில் அதற்கு வேலையும் இல்லை.

அடுத்த கட்டம் டிஜிட்டல். நாடு முழுக்க கேபிளை டிஜிட்டலாக்கும் கடைசிக் கட்டத்துக்கான கெடு 31 மார்ச் 2017. அதே ஆண்டு ஏப்ரலில் அரசு கேபிளுக்கு டிஜிட்டல் உரிமம் கிடைத்தது. செட்டாப் பாக்ஸ் வினியோகம் தொடங்கியது. அப்போது கேபிள்காரர் ஒரே நாளில் ஒரு தெரு முழுக்க பெட்டி மாட்ட வேண்டும். ஒரு வீட்டில் இலவச டிவி, அடுத்த வீட்டில் எல்.இ.டி. இரண்டிலும் மாட்டக்கூடிய ஒரே ஒயர் எது? மஞ்சள் ஒயர். அவர் பக்கம் இருந்து பார்த்தால் அது நியாயமான முடிவு. டிவி மாறியது, பெட்டி மாறியது, யாரும் ஒயரை மாற்றச் சொல்லவில்லை. மாட்டினது மாட்டினபடியே நின்றுவிட்டது.

இப்போதைய ஒல்லி டிவிகளில் இன்னொரு குழப்பம். இடம் மிச்சம் பிடிக்க மூன்று ஜாக்குகளையும் தூக்கிவிட்டு, ஹெட்செட் சொருகும் அளவில் ஒரே ஒரு 3.5 மி.மீ ஓட்டை வைத்துவிட்டார்கள். அதற்குக் குட்டி ஒயர் ஒன்று டிவி டப்பாவுக்குள் வரும். அது தொலைந்துபோய் வெளியே வேறொன்றை வாங்கி மாட்டினால், சில நேரம் படம் வராது, சத்தம் மட்டும் உறுமும். காரணம், அந்த முனையில் படத்துக்கு எந்த வளையம், தரைக் கம்பிக்கு எந்த வளையம் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது. டிவியில் கோளாறு என்று நினைத்து மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன், அந்தக் குட்டி ஒயரைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

ஹெச்.டி.எம்.ஐ ஒயருக்குள் அப்படி என்ன இருக்கு?

2002 டிசம்பரில் இதன் முதல் வரையறை வெளியானது. ஹிட்டாச்சி, பானாசோனிக், பிலிப்ஸ், சோனி, தோஷிபா, தாம்சன், சிலிக்கான் இமேஜ் என ஏழு நிறுவனங்கள் சேர்ந்து செய்தவை. சாதாரண ஹெச்.டி.எம்.ஐ தலையில் 19 பின்கள். படத்தின் புள்ளிகள் மூன்று ஜோடிக் கம்பிகளில் ஓடுகின்றன. நேரத்தைத் தாளம் போட்டுக் காட்ட இன்னொரு ஜோடி. ஒவ்வொரு தகவலும் இரண்டு கம்பிகளில் ஒன்றுக்கொன்று எதிராகப் போகும். வழியில் மிக்ஸி, மோட்டார் இரைச்சல் புகுந்தால் இரண்டிலும் ஒரே அளவு புகும். மறுமுனையில் வித்தியாசத்தை மட்டும் எடுத்தால் இரைச்சல் கழிந்துவிடும். பம்புசெட் ஓடும் தோட்டத்து வீட்டிலும் படம் கோடு விழாமல் இருப்பதற்கு இந்த வடிவமைப்பும் ஒரு காரணம்.

எவ்வளவு ஓடுகிறது தெரியுமா? விநாடிக்கு 60 முறை மாறும் முழு ஹெச்.டி படத்துக்கு, புள்ளிகளின் நிறத் தகவல் மட்டுமே விநாடிக்கு சுமார் 300 கோடி பிட். தெருவில் இருந்து வீட்டுக்குள் வரும் கேபிளில் அதே சேனல் சில மெகாபிட்டாகச் சுருங்கித்தான் வருகிறது. பல கிலோமீட்டர் சுருங்கி வந்த படம், கடைசி ஒன்றரை மீட்டர் ஒயரில்தான் முழு உருவத்தில் விரிகிறது. அந்த ஒன்றரை மீட்டரில் கோட்டை விட்டால் முன்னால் செய்த எல்லாம் வீண்.

படம் ஓடுவதற்கு முன் பெட்டியும் டிவியும் ஒரு பேச்சுவார்த்தை நடத்துகின்றன. ஒயரைச் சொருகினதும், '5 வோல்ட் வந்திருக்கு, நான் இருக்கேன்' என்று டிவி ஒரு பின் வழியாகச் சொல்லும். பெட்டி உடனே டிவிக்குள் இருக்கும் சின்ன நினைவகத்தைப் படிக்கும். 'எனக்கு 1080 வரி காட்டத் தெரியும், இந்த வகைச் சத்தம் கேட்கத் தெரியும்' என்று அதில் எழுதியிருக்கும். அதைப் பார்த்துத்தான் பெட்டி எந்த அளவில் அனுப்புவது என்று முடிவு செய்கிறது. மஞ்சள் ஒயரில் இந்தப் பேச்சே கிடையாது. பெட்டி குருட்டாம்போக்கில் அனுப்பும். ஆட்கள் குள்ளமாகவோ முகம் அகலமாகவோ தெரிவதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

அடுத்தது பூட்டு. பூட்டு ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய திண்டுக்கல் பூட்டுக்குச் சொந்தச் சாவி இருப்பது போல, ஹெச்.டி.எம்.ஐ வழியே போகும் படத்துக்கு ஹெச்.டி.சி.பி என்ற டிஜிட்டல் பூட்டு உண்டு. இன்டெல் உருவாக்கியது. பெட்டியும் டிவியும் சாவியைச் சரிபார்த்துக்கொண்ட பிறகுதான் படம் திறக்கும். திருட்டுப் பதிவைத் தடுக்கத்தான் இது. ஆனால் 2010-ல் இதன் மூலச்சாவியே இணையத்தில் கசிந்தது. இன்டெல்லும் அதை உறுதி செய்தது. அதன்பிறகு இந்தப் பூட்டு யாரைத் தடுக்கிறது என்றால், பெரும்பாலும் பழைய புரொஜெக்டர் வைத்திருக்கும் கல்யாண மண்டபக்காரரைத்தான். கிரிக்கெட் மேட்ச் போடலாம் என்று பெட்டியை மாட்டினால் கறுப்புத் திரை மட்டும் வரும். ஒயரில் குறை இல்லை, பெட்டியில் குறை இல்லை. புரொஜெக்டரிடம் சாவி இல்லை.

தங்க முலாம் பூசின ஒயர் வாங்கினால் படம் கூடுதல் தெளிவா வருமா என்று கேட்பவர்கள் உண்டு. வராது. டிஜிட்டல் தகவல் சேர்ந்தால் முழுசாகச் சேரும். சேராவிட்டால் மினுமினு புள்ளி தெரியும், விட்டு விட்டு வரும், அல்லது திரை அணையும். வீட்டில் பெட்டிக்கும் டிவிக்கும் இடையே ஒன்றரை மீட்டர்தான் என்றால் சாதாரண ஒயரே போதும். ஆயிரக்கணக்கில் விலை சொன்னால் கும்பிடு போட்டு வந்துவிடலாம்.

ஐப்பசி இடிக்கும் இந்த ஓட்டைக்கும் என்ன பகை?

வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் டிவி மெக்கானிக் கடைகளில் கூட்டம் சேர்வதற்கு ஒரு காரணம் உண்டு. இடி இடிக்கும்போது பலரும் கரண்ட் பிளக்கை மட்டும் பிடுங்குகிறார்கள். கேபிள் ஒயர் பெட்டியிலேயே இருக்கும். கம்பத்துக்குக் கம்பம் தொங்கி வரும் அந்த ஒயரில் மின்னலால் திடீரென ஏறும் அழுத்தம் பெட்டிக்குள் நுழைந்து, ஹெச்.டி.எம்.ஐ வழியாக டிவிக்குப் பாயும். ஹெச்.டி.எம்.ஐ சிப் மிகக் குறைந்த மின்னழுத்தத்தில் வேலை செய்வது என்பதால் முதலில் போவது அதுதான். 'படம் வருது, ஆனா அந்த ஓட்டையில மட்டும் வர மாட்டேங்குது' என்று சொன்னால் மெக்கானிக் சிரிக்காமல் கேட்டுக்கொள்வார். அவருக்கு அது பழகின நோய். பல டிவிகளில் அந்தச் சிப் தனியாக இல்லாமல் மெயின் போர்டோடு ஒட்டியிருப்பதால் செலவு கையைக் கடிக்கும். டிவியில் இரண்டு மூன்று ஹெச்.டி.எம்.ஐ ஓட்டை இருந்தால் அடுத்ததில் மாட்டிப் பார்க்கலாம்.

மழைக்காலத்தில் செய்ய வேண்டியது ஒன்றே: கரண்ட் பிளக்கோடு கேபிள் ஒயரையும் பெட்டியிலிருந்து கழற்றி வைப்பது. மஞ்சள் ஒயர் வீடுகளுக்கும் இது பொருந்தும். மரை திருகும் அந்தப் பித்தளைத் தலையை ஒரு நிமிடத்தில் கழற்றிவிடலாம்.

பழைய டிவிக்காரர்கள் என்ன செய்வது?

நத்தம் பக்கமோ குஜிலியம்பாறை பக்கமோ கிராமத்து வீடுகளில் இலவச டிவி இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். அந்த வீட்டுக்காரர்களுக்கு மஞ்சள் ஒயர் குறை இல்லை, அதுதான் உயிர். கண்ணாடிக் குழாய் டிவியால் 576 வரிக்கு மேல் காட்ட முடியாது. ஏவி ஜாக் உள்ள ஹெச்.டி பெட்டி என்றால் சிக்கல் இல்லை. ஏவி இல்லாத பெட்டியோ, ஓடிடி பார்க்கும் ஸ்டிக்கோ கையில் வந்தால்தான் சிக்கல். அப்போது நடுவில் ஒரு மாற்றுக்கருவி வேண்டும்.

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் அந்தச் சின்ன வெள்ளை டப்பாவில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். ஒன்று ஹெச்.டி.எம்.ஐ-யை ஏவி-யாக மாற்றும். இன்னொன்று ஏவி-யை ஹெச்.டி.எம்.ஐ-யாக மாற்றும். ஒன்றை மற்றதுக்குப் பதிலாகத் திருப்பி மாட்டி வேலை வாங்க முடியாது. பழைய டிவிக்குப் புது பெட்டி மாட்ட வேண்டியவர் முதல் வகையைக் கேட்டு வாங்க வேண்டும். அதற்குத் தனியாக 5 வோல்ட் மின்சாரமும் வேண்டும்; போன் சார்ஜர் போதும்.

அதிலும் ஒரு நஷ்டம் உண்டு. அகலமான படம் பழைய டிவியின் சதுரத் திரைக்குள் வந்தால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழும். படத்தின் உயரத்துக்குத் திரையில் முக்கால் பங்குதான் கிடைக்கும். 14 இன்ச் டிவியில் கால் பங்கு உயரம் போனால் எழுத்து படிக்கவே முடியாது. 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி, அடுத்த ஆண்டு பள்ளிகள் மூடிக் கிடந்தபோது எத்தனையோ பிள்ளைகளுக்கு ஒரே வகுப்பறையாக இருந்தது. போன் இல்லாத வீட்டிலும் டிவி இருந்ததால்தான் அது முடிந்தது. ஆனால் அந்தச் சின்னத் திரையில் கணக்கின் அடுக்குக்குறி 2-ஆ 3-ஆ என்று பிரித்துப் பார்ப்பது பெரியவர்களுக்கே கஷ்டம்.

இதனால்தான் பெட்டி கொடுக்கும் திட்டத்தில் பெட்டியை மட்டும் எண்ணுவது பாதிக் கணக்கு. எந்த வீட்டு டிவியில் எந்த ஓட்டை இருக்கிறது என்பது அந்தத் தெருவின் கேபிள்காரருக்கு நன்றாகத் தெரியும். பெட்டி மாற்றப் போகும் அதே ஐந்து நிமிடத்தில் ஹெச்.டி.எம்.ஐ ஒயரை மாட்டிவிடவும், பழைய டிவி வீடுகளைக் குறித்துக்கொள்ளவும் அவரிடம் சொன்னால் போதும். அரசு கேபிள் 2011-ல் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்பு கொடுத்தபோது அதன் நோக்கம், காசில்லாதவர் வீட்டுக்கும் படம் போக வேண்டும் என்பது. அந்த நோக்கம் ஒயரின் இந்த முனைவரைக்கும் வர வேண்டாமா?

போனில் இருந்து டிவிக்கு நேரா ஒயர் போட முடியாதா?

கல்லூரிப் பிள்ளைகள் அதிகம் கேட்கும் கேள்வி. போனில் டைப்-சி ஓட்டை இருக்கு, கடையில் டைப்-சி டூ ஹெச்.டி.எம்.ஐ ஒயர் இருக்கு. மாட்டினால் வரணுமே? பெரும்பாலும் வராது.

2014-ல் வந்த டைப்-சி தலையில் 24 பின்கள் உண்டு. அந்தப் பின்கள் வழியே வீடியோ அனுப்பவும் அதே ஆண்டு ஒரு வழி வகுக்கப்பட்டது. டிஸ்பிளே போர்ட் ஆல்ட் மோட் என்று பெயர். ஆனால் ஓட்டை ஒரே வடிவம் என்பதற்காக உள்ளே எல்லாம் ஒன்று என்று அர்த்தம் இல்லை. விலை குறைந்த போன்களில் சார்ஜ் ஏற்றவும் ஃபைல் மாற்றவும் தேவையான பழைய யு.எஸ்.பி 2.0 கம்பிகள் மட்டுமே உள்ளே இணைக்கப்பட்டிருக்கும். வீடியோவுக்கான பின்கள் சும்மா இருக்கும். உயர்விலை போன்கள் சிலவற்றில்தான் இந்த வசதி உண்டு. ஐபோன் 15-ல் இருந்து ஐபோன்களிலும் வந்திருக்கிறது. வாசல் ஒன்றுதான், ஆனால் வாசலுக்குப் பின்னால் வீடு கட்டவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். கேபிள் வாங்கும் முன் போனின் விவரப் பட்டியலில் வீடியோ அவுட் இருக்கிறதா என்று பார்க்காவிட்டால் காசு போச்சு.

ஒயர் இல்லாமல் திரையைப் பகிர்வது வேறு கதை. போனும் டிவியும் ஒரே வைஃபையில் இருந்தால் காஸ்ட் செய்யலாம். அதற்கு ஸ்மார்ட் டிவியோ ஸ்டிக்கோ வேண்டும். ஆக, வெளியூரில் இருக்கும் பேரனைப் பாட்டி பெரிய திரையில் பார்க்க வேண்டும் என்றால், வீட்டில் நல்ல வைஃபை, ஸ்மார்ட் டிவி, மாட்டிவிட ஒரு ஆள் எல்லாம் தேவை. பெரும்பாலான பாட்டிகள் இன்னும் ஐந்தரை, ஆறு அங்குலத் திரையைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டுதான் பேசுகிறார்கள். 2016-ல் செப்டம்பரில் ஜியோவும் நவம்பரில் வாட்ஸ்ஆப் வீடியோ காலும் வந்தபிறகு இந்தக் காட்சி எல்லாத் திண்ணைக்கும் பொதுவாகிவிட்டது.

அரட்டைக்கு மங்கல் படம் போதும். மற்றதுக்கு?

பேரன் முகம் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தால் பாட்டிக்குப் பெரிய நஷ்டம் இல்லை. ஆனால் வீடியோ வழியாக முடிவெடுக்கும் இடங்கள் கூடிக்கொண்டே போகின்றன.

பக்கத்து தேனியில் 2000-களின் நடுவிலேயே ஒரு முயற்சி நடந்தது. அரவிந்த் கண் மருத்துவமனையும், அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வுக்குழுவும், இன்டெல்லும் சேர்ந்து சாதாரண வைஃபை கருவிகளை நீண்ட தூரத்துக்குப் பேசும்படி மாற்றி, தேனி மருத்துவமனையைக் கிராமக் கண் மையங்களோடு இணைத்தார்கள். 2006-ல் ஐந்து மையங்கள் இணைந்திருந்தன. விநாடிக்கு 6 மெகாபிட் வேகம். இன்றைக்கு அது சாதாரணம், அன்றைக்குக் கிராமத்தில் அது பெரிய விஷயம். கிராமத்தில் பயிற்சி பெற்ற ஊழியர் கண்ணைப் பரிசோதிப்பார், தேனியில் இருந்து டாக்டர் வெப்கேம் வழியாக நோயாளியோடு பேசுவார். அங்கே டாக்டர் வெறும் வீடியோ காலை மட்டும் நம்பவில்லை என்பது கவனிக்க வேண்டியது. கண்ணின் படத்தைக் கருவியோடு சேர்ந்த கேமராவில் தனியாக எடுத்து அனுப்புவார்கள். ஓடும் வீடியோ அலைவரிசைக்கு ஏற்ப நசுங்கும். நின்ற படம் நேரம் எடுத்தாலும் முழுசாக வந்து சேரும். எதைப் பேச்சுக்கு, எதை முடிவுக்கு வைப்பது என்று பிரித்துவிட்டார்கள்.

நீதிமன்றத்தில் அந்தப் பிரிவு அவ்வளவு எளிதில்லை. வீடியோ கான்பரன்ஸ் வழியே சாட்சியம் பதியலாம் என்று உச்ச நீதிமன்றம் 2003-ல் பிரஃபுல் தேசாய் வழக்கில் சொன்னது. 1 ஜூலை 2024 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 187-வது பிரிவின்படி, போலீஸ் காவலுக்கு அனுப்ப வேண்டும் என்றால் கைதானவரை மாஜிஸ்திரேட் முன் நேரில் கொண்டுவர வேண்டும். ஆனால் நீதிமன்றக் காவலை நீட்டிக்க, நேரிலோ வீடியோ வழியாகவோ ஆஜர்படுத்தலாம். பழைய சட்டத்திலும் இந்த வசதி இருந்தது. சிறையில் இருந்து கோர்ட்டுக்கு வேன், எஸ்கார்ட் போலீஸ், ஒரு நாள் அலைச்சல் எல்லாம் மிச்சம் என்பது உண்மைதான்.

ஆனால் அந்தத் திரையில் மாஜிஸ்திரேட்டுக்கு என்ன தெரிகிறது? நேரில் வந்தவரின் கையில் கட்டு இருக்கிறதா, நொண்டி நடக்கிறாரா, கன்னம் வீங்கியிருக்கிறதா என்று ஒரு பார்வையில் தெரியும். நேரில் கொண்டுவரச் சொல்லும் விதியின் பெரிய பயனே அதுதான். கேமரா மானிட்டரின் மேல் இருந்து மார்புவரை மட்டும் காட்டினால், வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் இருந்தால், நெட் குறையும்போது முகம் கட்டம் கட்டமாக உடைந்தால், அந்தப் பார்வை கிடைக்காது. மங்கலாகும்போது வீடியோ சுருக்கும் மென்பொருள் முதலில் தூக்கி எறிவது நுண்ணிய விவரங்களைத்தான். தோலில் உள்ள சின்னக் காயம் அந்த நுண்ணிய விவரங்களில் ஒன்று. இன்னொன்று, காவலர் பக்கத்தில் நிற்கும் அறையில் திரையைப் பார்த்துப் பேசுபவர் தன் வக்கீலிடம் தனியாக ஒரு வார்த்தை சொல்ல முடியுமா என்பது.

கேமராவை எங்கே வைப்பது, முழு உருவமும் தெரியும்படி ஆளை எவ்வளவு தூரத்தில் நிறுத்துவது, வக்கீலுக்குத் தனி இணைப்பு கொடுப்பது... இதெல்லாம் ஆயிரம் கோடி ரூபாய் வேலை இல்லை. படம் சரியாகத் தெரியவில்லை, நேரில் கொண்டுவர உத்தரவிடுங்கள் என்று வக்கீல் கேட்கலாம். அப்படி உத்தரவிட மாஜிஸ்திரேட்டுக்குத் தடை எதுவும் இல்லை, சட்டம் இரண்டு வழியையும் திறந்தே வைத்திருக்கிறது. அப்படிக் கேட்பதற்கு முதலில், திரையில் தெரிவது முழுப் படம் இல்லை என்பது அந்த அறையில் இருப்பவர்களில் யாராவது ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.